ருவெங்கோ வைத்த பெயர்

எங்கள் ஷோனா மொழியில் ருவெங்கோ என்றால் வெறுப்பு. மாமியாரோடு பகை கொண்டிருந்த அம்மா, தினமும் அவர் காதில் விழும்படி கூப்பிடவே மகளுக்கு அந்தப் பெயரை வைத்தாள். பகைத்தவர்கள் எல்லாரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். ஐம்பது வயதிலும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பவள் ருவெங்கோதான்.

தம்பிக்குப் பெண் பிறந்தது. பெயர் வைப்பது அத்தையின் உரிமை.

"பொறாமைன்னு வை அக்கா. மாடு வாங்குனதுலேர்ந்து பக்கத்து வீட்டுக்காரி கண்ணு எங்க மேலதான். தினம் கேக்கட்டும்."

"அவ கேட்டுட்டுப் போயிடுவாடா. இவ சாகுறவரைக்கும் சுமக்கணும். நான் சுமந்தது போதாதா?"

"அப்ப என் கோபத்தை என்ன பண்றது?"

"புது நாய்க்குட்டிக்கு வை. அது வருத்தப்படாது."

குழந்தைக்கு மகிழ்ச்சி என்று பொருள்படும் ருஃபாரோ என்ற பெயரை வைத்தாள். சோளக்கொல்லையிலிருந்து யாரோ "ருவெங்கோ!" என்று கூப்பிட்டார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.