என் பெட்டி இல்லாத படம்

காரைக்காலில் ஒரு சரக்குக் கம்பெனியில் எனக்கு என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் என்று பெயர். யார், எந்த வேலையை, எந்த மென்பொருளில் செய்கிறார்கள் என்று பெட்டி பெட்டியாக வரைவதுதான் பிழைப்பு. அப்படி வரைவதற்கென்று முதலில் கையில் எடுத்த ஃபிரேம்வொர்க், அதாவது வரைமுறை, வெறும் கட்டங்கள். நிரப்பி முடிப்பதற்குள் கம்பெனியே மாறிவிட்டது. அடுத்தது சுற்றுச் சுற்றாகக் கூட்டம் போட வைத்தது. அதனால் ஒரு கப்பலும் சீக்கிரம் வந்துவிடவில்லை. ஆனால் ஒரே வேலையை இரண்டு பேர் செய்தால் மட்டும் இரண்டு ஃபிரேம்வொர்க்குமே கச்சிதமாகக் காட்டிக்கொடுக்கும். கிளிஞ்சல்மேட்டிலிருந்து எனக்கும் சேர்த்து மீன்குழம்பு கொண்டுவந்த பக்கத்து மேசைக்காரரை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினோம். படம் பலித்ததில் எனக்குப் பெருமை.

முதலாளி படத்தை மறுபடி நிதானமாகப் பார்த்தார். “எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒங்க பெட்டிய மட்டும் காணுமே?”

வரையவில்லை என்றேன்.

“அது இல்லாமயே எல்லாம் ஓடுதுங்களே,” என்றார்.