கறுப்புக் கட்டம் போட்ட கடிதம்

என் அண்ணன் வாழ்நாள் முழுக்க என்னைச் "சவமே" என்றுதான் கூப்பிட்டார். வெளியூர்க்காரர்கள் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். எங்கள் சுசீந்திரம் பக்கத்தில் அது முழு வசவும் இல்லை, முழுக் கொஞ்சலும் இல்லை. சோறு தின்னக் கூப்பிடவும் அதுதான், கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டு வந்தால் முதுகில் ஒன்று வைக்கும்போதும் அதுதான். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட ரொம்ப மூத்தவர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அப்பா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்ததும் அவர்தான், மஸ்கட்டுக்கு விமானம் ஏற்றிவிட்டதும் அவர்தான்.

அப்படிப்பட்டவர் நான்கு வருடம் என்னோடு பேசவில்லை.

அம்மா இறந்தபோது நான் போகவில்லை. போக முடியவில்லை என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். ஏசி பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் எனக்கு ஸ்டோர் கீப்பர் வேலை. விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் அந்த நேரம் பார்த்து எந்த மேஜையிலோ மாட்டிக்கொண்டது. அண்ணன் அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு எனக்காக இரண்டு நாள் காத்திருந்தார். வந்தவர்கள் எல்லாம் "எப்ப எடுக்கப் போறீயோ?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்களாம். கடைசியில் நான் போனில் அழுதுகொண்டே, வர வழியில்லை என்று சொன்னேன். அண்ணன் அழவில்லை.

"அம்மைக்கு முழுகும்போ ஒனக்கும் சேத்து முழுகிடுகேன்" என்றார். "இனி எனக்குத் தம்பி கெடையாது."

இழவு விழுந்தால் சுடுகாட்டிலிருந்து திரும்பும்போதும், தூரத்துச் சாவென்றால் சேதி கேட்டதுமே, தலைமுழுகுவோம். ஒருவரை வேண்டாம் என்று அறுத்து விடுவதற்கும் அதே சொல்தான். அம்மாவைக் கொண்டுபோன அன்று பழையாற்றில் அண்ணன் எனக்காகவும் ஒரு முங்கு போட்டார் என்று அங்கே நின்ற ஒருவர் பிற்பாடு எனக்குச் சொன்னார்.

அதன் பிறகு என் போனை அவர் எடுக்கவே இல்லை. அவர் மனைவி, என் மைனியையும் எடுக்க விடவில்லை. கைப்பட ஒரு கடிதம் எழுதி மஸ்கட்டிலிருந்து அனுப்பினேன். வெளிநாட்டு ஸ்டாம்பையும் என் கோழிக்கிறுக்கல் எழுத்தையும் பார்த்த உடனே வாங்க மாட்டேன் என்றிருக்கிறார். ஊரெல்லாம் சுற்றிவிட்டு அது என்னிடமே திரும்பி வந்தது. அதை வெகுநாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். நான் எழுதியதுதானே, பிரித்து என்ன ஆகப்போகிறது.

கூட வேலை பார்த்த ஒருவர்தான் அந்த இணையதளத்தைக் காட்டினார். இங்கே உட்கார்ந்து தட்டினால் சென்னையில் அச்சடித்து, மடித்து, உறையில் போட்டு, தபாலிலும் சேர்த்துவிடுவார்கள். முகவரிகூட அச்சில் இருக்கும். எனக்கு அது பிடித்துப் போனது. பென்ஷன் ஆபீஸிலிருந்து ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்து அண்ணன் திறந்துவிடுவார், திறந்துவிட்டால் படிக்காமல் இருக்க மாட்டார். அப்படிக் கணக்குப் போட்டேன்.

எழுதியது நாலு வரிதான். பாஸ்போர்ட் கதையை மறுபடி அளக்கவில்லை. "சித்திரைக்கு லீவு கிடைக்கும். நான் வீட்டுக்கு வரலாமா? நீங்கள் வா என்றால் மட்டும் வருவேன்." அவ்வளவுதான். எழுதி முடித்ததும் தாளின் அலங்காரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பூ, பலூன், இதயம் என்று வரிசையாக வந்தன. அறுபது தாண்டிய கண்டக்டருக்கு இதயம் போட்ட தாளில் கடிதம் எழுதினால் நாலு வருடம் நாற்பது வருடமாகிவிடும். கடைசியில் ஒன்று இருந்தது. வெள்ளைத் தாள், சுற்றிலும் கறுப்புக் கட்டம், உச்சியில் நடுவாக அனுப்புகிறவர் பெயர் பெரிய எழுத்தில். கம்பீரமாக இருக்கிறதே என்று அதை அமுக்கினேன். வெளியே கிடந்து கிடந்து, ஊரில் எது எதற்கு ஆகும் என்பது எனக்கு மறந்து போயிருந்தது.

நல்ல காரியக் கடிதத்துக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். கறுப்புக் கட்டம் போட்டு வருவது கருமாதிக் கடிதம். அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே பார்த்து, கிழித்து, வெளியே போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

அன்று நடந்ததை மைனி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மைனி காய்கறி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். தபால்காரர் கொண்டுவந்த உறையை அண்ணன் வாசல் கேட்டருகில் நின்றே பிரித்திருக்கிறார். கண்ணாடி வீட்டுக்குள் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்குப் பொடி எழுத்து தெரியாது. தெரிந்தது இரண்டுதான்: சுற்றிலும் கறுப்புக் கட்டம், நடுவில் என் பெயர்.

அவர் அதை உள்ளே கொண்டுபோகவில்லை. டிக்கெட் கிழித்துப் பழகிய கை. நீளநீளமாக, ஒரே அளவில் கிழித்து வெளியே போட்டுவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆற்றுக்கு நடந்திருக்கிறார். மைனி திரும்பி வரும்போது தெருவில் ஈரம் சொட்டச் சொட்ட வந்துகொண்டிருந்தாராம்.

"ஏட்டி, அந்தச் சவம் போயிட்டான்" என்றாராம். கேட்டைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாராம்.

மைனி வெளியே கிடந்த துண்டுகளைப் பொறுக்கியிருக்கிறார். ஒரே அளவாகக் கிழித்திருந்ததால் சேர்த்து வைத்துப் படிப்பது சுலபமாக இருந்தது. படித்துவிட்டு மஸ்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"மக்கா, நீயாலே பேசுகது?"

"நான்தான் மைனி."

"சத்தமாப் பேசு, ஒங்க அண்ணன் கேக்கட்டு!"

போன் கைமாறுகிற சத்தம் கேட்டது.

"இருக்கியாலே, சவமே?"

"இருக்கேன் அண்ணே."

"பொறவு என்ன எளவுக்குலே கறுப்புக் கட்டம் போட்ட?"

"பாக்க நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சாம்! ஏட்டி, கேட்டியா, நல்லா இருந்துச்சாம்!"

அதன் பிறகு விட்டார் பாருங்கள். நாலு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வசவு முழுக்க அன்று என் தலையில் கொட்டியது. நான் ஸ்டோரில் இரும்பு அலமாரியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இடையில் மைனியின் குரலும் வந்தது: "நாலு மூலைக்கு மஞ்சள் பூச ஆளில்ல, கறுப்பு பூச மட்டும் கம்ப்யூட்டர் இருக்கு!" சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகையும் வந்தது.

வைக்கும்முன் அண்ணனின் குரல் தணிந்தது.

"சித்திரைக்கு வா. ஒண்ணு கேளு, ஒனக்கான முழுக்கை நான் முழுகியாச்சு. நெசத்துக்கே முழுகிட்டேன், கேட்டியா? இன்னொரு தடவை, ரெண்டாம் மட்டம், என்னால ஆகாது. இனி நீதான் எனக்கு முழுகணும்."

"எதுக்கு அண்ணே இப்ப இந்தப் பேச்சு" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

பிறகு நாள்தோறும் பேசினோம். என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றுமில்லை. மழை, நெல், யாருக்குச் சர்க்கரை ஏறியது, அவ்வளவுதான். சித்திரைக்கு டிக்கெட் எடுத்ததைச் சொன்னபோது, எந்த சீட் என்று கேட்டார். ஜன்னல் ஓரம் என்றேன். "நல்லதாப் போச்சு" என்றார். கண்டக்டருக்கு அது பெரிய விஷயம்.

பங்குனி முடியவில்லை. பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி என்றார்கள். இந்தத் தடவை பாஸ்போர்ட் என் கையில் இருந்தது. திருவனந்தபுரத்தில் இறங்கி மறுநாளே போய்ச் சேர்ந்தேன். அம்மாவை வைத்திருந்தது போலவே ஐஸ் பெட்டியில் எனக்காக வைத்திருந்தார்கள். கொள்ளி வைத்தது நான். பழையாற்றில் முழுகியதும் நான். அவர் சொன்னது சொன்னபடி நடந்தது.

பதினாறாம் நாள் கருமாதிக்கு, எங்கள் பக்கத்தில் அடியந்திரம் என்பார்கள், சொந்தக்காரர்களுக்குக் கடிதம் போகவேண்டும். குலசேகரத்தில் இரண்டு வீடு, புதுக்கடையில் ஒரு வீடு, மிச்சம் சென்னையும் மும்பையும். "ஒனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே மக்கா" என்றார் மைனி. அதே இணையதளத்தைத் திறந்தேன். அதே கறுப்புக் கட்டம். இந்தத் தடவை தெரிந்தே அமுக்கினேன். உச்சியில் நடுவாக அண்ணன் பெயரை அடித்தேன். முகவரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டு, எல்லோருக்கும் அனுப்பு என்பதைத் தட்டினேன்.

நாலைந்து நாள் கழித்துத் தபால்காரர் கேட்டருகில் வந்து நின்றார். உறையை நீட்டாமல் தயங்கினார்.

"அண்ணாச்சி பேருக்குத்தான் வந்திருக்கு" என்றார்.

எனக்கு உடனே பிடிபட்டது. முதல் கடிதத்துக்காக நான் அடித்துக் கொடுத்த அண்ணனின் முகவரியை அந்த இணையதளம் அப்படியே வைத்திருந்திருக்கிறது. எல்லோருக்கும் என்றேன், அவருக்கும் அனுப்பிவிட்டது. பிரித்தேன். உறையின்மேல் பெறுநர் என்று அவர் பெயர். உள்ளே கறுப்புக் கட்டத்துக்கு நடுவில் அவர் பெயர். அடியந்திரத்துக்கு வந்து கலந்துகொள்ளும்படி அவரையே கேட்டுக்கொண்டிருந்தது.

"யாரு மக்கா, தபாலா?" என்று உள்ளேயிருந்து மைனி கேட்டார்.

"ஒண்ணுமில்ல மைனி, ஏதோ நோட்டீஸ்."

அண்ணன் நின்ற அதே இடத்தில் நின்று கிழித்தேன். அவரைப்போல எனக்கு ஒரே அளவாகக் கிழிக்க வரவில்லை. கோணல் மாணலாகக் கிழித்து வெளியே போட்டுவிட்டு, போட்டிருந்த சட்டையோடு ஆற்றுக்கு நடந்தேன்.

தன்னால் ஆகாது என்று அவர் சொன்ன ரெண்டாம் மட்டத்தை நான் முழுகினேன். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு படித்துறையில் நெடுநேரம் நின்றேன். ஈரத்தோடு நிற்காதே, சவமே என்று சொல்ல ஆளில்லை.