வடை பாயசம் வந்த புரட்டாசி

நாலு பேர் முன்னால் பேச எனக்கு எப்போதும் கூச்சம். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். எங்கள் பிள்ளைகள் இல்லத்தைப் பற்றி யாராவது கேட்டால் பக்கத்து வீட்டுக்காரியைக் கை காட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன்.

என் வீட்டுக்காரர் ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து, மேனாம்பேட்டில் கட்டிய வீடு இது. அவர் போன பிறகு மாடியும் கீழும் எனக்கு மட்டும் என்று கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி திருவேற்காடு கோயில் வாசலில் பூ விற்றவள். அங்கே யாருமில்லாமல் திரிந்த இரண்டு பெண் பிள்ளைகளை அவள்தான் அதிகாரிகளிடம் கொண்டுபோய் ஒப்படைத்தாள். பிள்ளைகளைத் தூரத்து ஊர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு நேராக என்னிடம் வந்தாள்.

“யக்கா, இம்மாம் பெரிய ஊட்ட வச்சிகினு இன்னா பண்ணப் போற?”

அப்படித்தான் ஆரம்பம். வீட்டிலேயே இல்லம் நடத்த அனுமதி வாங்க வெகுநாள் அலைந்தோம். கூடுதலாகக் கழிப்பறை கட்டினோம், மாடிக்குக் கம்பி போட்டோம். பேசியதெல்லாம் அவள்; நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். பிறகு குழந்தைகள் நலக் குழுவே பிள்ளைகளை எங்களிடம் அனுப்பத் தொடங்கியது.

சாப்பாட்டுக்கு நாங்கள் திண்டாடவில்லை. சுற்றிலும் புதிதாக எழும்பிய அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள், பெற்றவர்களுக்குத் திதி கொடுத்துக் காக்கைக்கு வைத்த கையோடு எங்களிடம் வருவார்கள். மாலை போட்ட படத்தை ஒரு நாற்காலியில் வைத்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கும்பிடச் சொல்லி, வடை பாயசத்தோடு பரிமாறுவார்கள். நல்ல சாப்பாடு கிடைக்கிறதே என்று நாங்கள் இருவரும் சந்தோஷப்பட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் தாயை இழந்த ஒரு பெண் பிள்ளை வந்து சேர்ந்தாள். எட்டு வயசிருக்கும். மற்ற நாட்களில் ஒழுங்காகச் சாப்பிடுவாள். திதிச் சாப்பாடு வந்தால் தட்டைத் தொடமாட்டாள். வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பாள். இரவுக்கும் ஒன்றும் இறங்காது. புரட்டாசியில் மகாளய பட்சம் வந்தது. தினமும் யாராவது சாப்பாடு கொண்டுவந்தார்கள். பிள்ளை குச்சியாக இளைத்துப் போனாள். டாக்டர் நோய் ஒன்றும் இல்லை என்றார். பார்வையிட வந்த அதிகாரி அம்மா, “இப்படியே போனா வேற இல்லத்துக்கு மாத்தவேண்டி வரும்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“இன்னாடி ராஜாத்தி, வடைய பாத்தா கேட்டாண்ட ஓடுற? வடை உன்ன கடிச்சிடுமா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் மதியம் அவள் கேட்டருகே நின்றபோது நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவளே பேசினாள்.

“ஆயா, எங்கம்மா காரியத்தன்னிக்கும் வடை பாயசம்தான் போட்டாங்க. துன்னுட்டு எல்லாரும் பூட்டாங்க. பெரிம்மா, தோ வரேன்னு சொல்லிட்டு ஆட்டோல ஏறிச்சி. என்ன யாருமே இட்டுகினு போவல.”

“அதுக்கு?”

“நீங்களும் துன்னுட்டு பூடுவீங்க.”

உள்ளே கூடத்திலிருந்து அன்று மனைவியோடு சாப்பாடு கொண்டுவந்தவர் எட்டிப் பார்த்தார். கையில் போன்.

“ஆன்ட்டி, அந்தப் பொண்ணையும் வரச் சொல்லுங்க. அமெரிக்காவுல இருந்து அண்ணன் வீடியோல பாத்துட்டு இருக்கார்.”

பக்கத்து வீட்டுக்காரி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான்தான் பேசியாக வேண்டும். உள்ளே போனேன்.

“தம்பி, அந்தப் படத்த எடுத்துடுங்க.”

“எங்கம்மா படம், ஆன்ட்டி.” அவர் முகம் சுருங்கிவிட்டது.

“தெரியும்பா. ஒங்க மேல தப்பு சொல்லல. இதுங்க எல்லாம் சாவு ஊட்லேர்ந்து வந்த புள்ளைங்க. தெனிக்கும் அதுங்களுக்கு அதையே காட்ட வாணாம். அரிசி பருப்பா குடுத்தா நாங்களே ஆக்கிப் போட்டுக்கிறோம்.”

அவர் போனை அணைத்தார். படத்தை எடுத்து மாலையோடு துண்டில் சுற்றினார். “இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே, ஆன்ட்டி,” என்றாள் அவர் மனைவி. அவள் கேட்டது நியாயம்தான். கொண்டுவந்த சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு இருவரும் படி இறங்கினார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். “வாயே தொறக்காதவ தொறந்த அன்னிக்கி சோத்துலயே கைய வச்சிட்டியே, யக்கா!”

பிள்ளை சொன்னதைச் சொன்னேன். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவள், வரவிருந்தவர்கள் எல்லோரிடமும் படம் வேண்டாம், அரிசி பருப்பாகக் கொடுங்கள் என்று சொன்னாள். சிலர் அரிசி மூட்டை அனுப்பினார்கள். பலர் வரவேயில்லை. மீதிப் புரட்டாசி முருங்கைக்கீரையிலேயே ஓடியது.

படத்தை எடுக்கச் சொன்ன அன்றே, மற்றப் பிள்ளைகள் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்ததும் கொஞ்சம் சோறு வடித்து ரசம் வைத்தேன். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுத் தட்டில் போட்டேன். கை வைக்காமல் என்னைப் பார்த்தாள்.

“நான் துன்னதும் நீ எங்க போவ?”

“எங்க போவேன்? பாத்திரம் கெடக்குது, கழுவணும்.”

அவள் எழுந்து போய்க் குழாயடியை எட்டிப் பார்த்தாள். நிறையவே கிடந்தன. திரும்பி வந்து உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள்.