செத்திமியோ பாட்டுக்கு வாத்தியார் கையெழுத்து

என் சித்தி அசுந்தாவுக்கு ஏழாவதாகப் பிறந்தவன், அதனால் ஏழாமவன் என்று பொருள்படச் செத்திமியோ என்றே பெயர் வைத்தார்கள். மூத்தவர்கள் ஆறு பேரும் கொத்து வேலைக்கும் மீன் பிடிக்கவும் போக, இவன் மட்டும் அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு இத்தாலியில் அங்கோனாப் பக்கத்து நடனக் கூடங்களில் திரிந்தான். காதில் விழுந்ததை அப்படியே வாசிப்பான். தாளில் சுரம் எழுதத்தான் வராது.

அறுபத்து நான்காம் வருஷம், சித்தி கொடியில் விரிப்பு உலர்த்துவதைப் பார்த்து ஒரு பாட்டுக் கட்டினான். மிலானோவிலிருந்து வந்த இசைத்தட்டுக்காரர் கேட்ட மாத்திரத்தில் வேண்டும் என்றார். அங்கேதான் சிக்கல். பாட்டுக்கு உரிமை பதிகிற எழுத்தாளர் சங்கத்துப் பரீட்சையில் தேறியவன் பெயர்தான் மெட்டுக்குப் போட முடியும். தேறாதவன் பாட்டில் தேறியவன் கையெழுத்துப் போடுவது அப்போது சகஜம்.

ஊர் பேண்டு வாத்தியார் ஃபப்ரெத்தி சிரித்தார். "ஒரு கையெழுத்துதானேடா, நான் போடறேன். நீ பாஸ் பண்ணிட்டு வா, மாத்திக்கலாம்."

கோடை முழுக்க ரேடியோவில் அந்தப் பாட்டுத்தான். பாடியவன் செத்திமியோ, மெட்டு ஃபப்ரெத்தி. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ரோமாவுக்குப் பரீட்சைக்குப் போனான். நாலு சுரம் கொடுத்து, மிச்சத்தை எழுதச் சொல்லி அறையில் உட்கார வைத்தார்கள். இவன் முணுமுணுத்துப் பார்த்திருக்கிறான்.

"இது பரீட்சை ஹால், கல்யாண வீடு இல்ல. வாயை மூடிட்டு எழுதுங்க" என்றாராம் கண்காணிப்பாளர்.

இரண்டு முறை தோற்றான். சுரம் தெரிந்த சவரக்காரர் ஒருவர் கடையில் உட்கார்ந்து, எட்டு வருஷம் சுரம் எழுதப் பழகி, மூன்றாம் முறை தேறினான். சான்றிதழோடு ஊர் வந்து இறங்கினால், வாத்தியாரைப் புதைத்துப் பத்து நாளாகியிருந்தது. இனி பெயர் மாற்ற அவர் மனைவி எல்விரா கையெழுத்து வேண்டும்.

காகிதத்தோடு அவள் வீட்டுக்குப் போனவன் அரை மணியில் திரும்பினான். கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாகவே இருந்தது.

"என்னடா, போட மாட்டேன்னுட்டாளா?"

"நான் கேக்கவே இல்லக்கா."

"அட மடையா! எட்டு வருஷம் எதுக்குடா படிச்சே?"

"உள்ள போனதும் அந்தப் பாட்டுத் தட்டைத்தான் போட்டாங்க. 'நிச்சயம் ஆன வாரம் நான் விரிப்பு காயப் போட்டதைப் பாத்து எழுதினாராம், தம்பி. சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தார்'னு அழறாங்க. அது எங்கம்மாக்கா! எங்கம்மா விரிப்பு! எப்படிச் சொல்லச் சொல்றே?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். செத்தவரைத் திட்டவும் வழியில்லை.

பிறகு சொந்தப் பெயரில் இருபத்தேழு பாட்டு எழுதினான். ஒன்றைக்கூட யாரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. எல்விரா தொண்ணூற்றிரண்டு வயது வரை இருந்தாள். அவள் இருந்தவரை இவன் வாயைத் திறக்கவில்லை. அவள் போன பிறகு சொன்னான், நம்ப ஆளில்லை.

போன ஆகஸ்டு மாதா திருவிழாவில், சதுக்கத்தில் ஊரே அந்தப் பாட்டைப் பாடியது. நடுவில் ஓரிடத்தில் எல்லாரும் மெட்டை இறக்கிவிட்டார்கள். இவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"அங்க இறங்கக் கூடாதுப்பா, மேல போகணும்!"

ரொட்டிக்கடை உகோ திரும்பிப் பார்த்தான். "உட்காருங்க தாத்தா, வாத்தியார் ஃபப்ரெத்திக்கே பாட்டுச் சொல்லித் தர்றீங்களா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். செத்திமியோ உட்காரவில்லை. நின்றபடியே, அத்தனை சத்தத்துக்கு நடுவே, அந்த இடத்தைச் சரியாக ஒரு தரம் பாடினான். பக்கத்திலிருந்த எனக்கே பாதிதான் கேட்டது.