தங்கராஜாவின் வலப்பக்கம்

செவ்வாய்க்கிழமை காலை, மலாக்கா செமாபோக்கில் என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. தங்கராஜாவின் மூத்த மகன். "அங்கிள், பாப்பா சுடா தாக் அடா" என்று மலாயில் சொன்னான். அப்பா இல்லையாம். முந்தாநாள்தானே சேர்ந்து காப்பி குடித்தோம் என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்வான்?

அவரிடம் பேச வலப்பக்கம் நிற்க வேண்டும் என்பது அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். இடது காது கேட்காது. பிறவிக் கோளாறு என்று பலர் நினைத்திருக்கிறீர்கள். அவராகச் சொன்னதில்லை. இனி நான் சொல்லலாம்.

ஜப்பான்காரன் காலத்தில் காஜா பெராங்கில், வெள்ளைக்காரர் விட்டுப்போன பங்களா ஒன்றில் ஜப்பானிய ஆபீசர் ஒருவர் குடியேறினார். மலாக்கா வெயிலிலும் மகாராஜாவுக்குத் தினமும் வெந்நீர்த் தொட்டியில் கிடக்க வேண்டும். மலாய் பேசும் தமிழர் வாழும் கம்போங் செட்டிக்காரரான தங்கராஜா அங்கே பாய்லர் பொருத்தினார். விறகு போட்டு எரிப்பது என் வேலை. சுடுநீர் ஒரு குழாயில் மாடிக் குளியல் தொட்டியின் அடிக்கும், இன்னொன்றில் துணி உலர்த்தும் அறைக்கும் போய்ச் சூடேற்றிவிட்டுத் திரும்பும். ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது.

ஆனால் காலையில் பார்த்தால் அழுத்தம் காட்டும் முள் கீழே கிடக்கும். தண்ணீர் ஏற்றிச் சரிசெய்வேன்; மறுநாள் மறுபடி இறங்கிவிடும். நான் வெந்நீரைத் திருடுகிறேன் என்று ஆபீசர் முடிவு கட்டினார். இன்னொரு முறை முள் இறங்கினால் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். எங்கள் தெருவிலிருந்து சயாமுக்குப் போனவர் யாரும் அதுவரை திரும்பவில்லை. வீட்டில் மனைவி, கைக்குழந்தை.

தங்கராஜாவிடம் ஓடினேன். அவர்கள் வீட்டில் போகியன்று முன்னோருக்கு இலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் உண்டு முடிக்கும்வரை வெளியே காத்திருப்பார்கள். அவர் வேலை பார்ப்பதும் அப்படித்தான். "துத்துப் பிந்து, துங்கு லுவார்" என்பார். கதவைச் சாத்து, வெளியே காத்திரு. நான் குழாய் குழாயாகத் தடவிப் பதற, மனிதர் இரண்டு குழாய்களின் வால்வுகளையும் மூடி, அறையைச் சாத்திவிட்டு வாசலில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

திரும்பிப் போனபோது முள் அசையவில்லை. பாய்லர் மேல் பழியில்லை. துணி அறை வால்வைத் திறந்தார், கதவைச் சாத்தினார், காத்திருந்தோம். முள் அப்படியே இருந்தது. குளியலறை வால்வைத் திறந்துவிட்டுக் காத்திருந்தபோது இறங்கியது.

மாடியில் காற்றை வெளியேற்றும் திருகு தளர்ந்திருந்தது. தரை எப்போதும் ஈரம் என்பதால் சொட்டுவது யார் கண்ணிலும் படவில்லை. குளிக்குமுன் ஆபீசரே அதைத் திறந்து காற்றை விடுவார். உஸ்ஸென்ற சத்தம் தினமும் கீழே எனக்குக் கேட்கும். அரைகுறையாக மூடியதும் அவர்தான்.

அந்நேரம் ஆபீசரே வந்து நின்றார். நான் வாயெடுத்தேன். தங்கராஜா என் காலை மிதித்தார்.

"சாயா சாலா, துவான்."

தப்பு என்னுடையது, திருகை நான்தான் சரியாக முறுக்கவில்லை என்றார். ஆபீசரின் அறை அவருடைய இடது காதில் விழுந்தது. இரண்டாவதும் அங்கேயே.

வீடு திரும்பும் வழியில் அவர் காதில் ரத்தம் கசிந்தது. "ஏன் பாங், அவன் செஞ்ச தப்புன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று கத்தினேன். அண்ணன் முறையில் அவரை நான் 'பாங்' என்றுதான் கூப்பிடுவேன்.

"சொன்னா அவன் ஒத்துக்குவானா? எனக்கு ரெண்டு அறை. உனக்கு சயாம். எது மூரா, நீயே சொல்லு."

மலிவானதை எடுத்துக்கொண்டாராம். மறுநாள் அந்தத் திருகை, சாவி போட்டால்தான் திரும்பும்படி மாற்றினார். முள் பிறகு இறங்கவில்லை.

அன்றைய கைக்குழந்தைதான் நேற்று என்னைக் காரில் கம்போங் செட்டிக்கு அழைத்துப் போனது. யாரோடு நடந்தாலும் வலப்பக்கமாகவே நடக்கும் பழக்கம் ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. பெட்டியருகிலும் கால்கள் தாமாக அந்தப் பக்கம் போயின. குனிந்து, அவருக்குக் கேட்கும் காதில் நன்றி சொன்னேன்:

"தெரிமா காசே, பாங்."