கேசட்டில் மிஞ்சியது

லாப நோக்கமில்லாத ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை என்று சொன்னால் ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் விளங்காது. "லாபமே இல்லாத எடத்துக்கு எதுக்கும்மா தெனம் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போற?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். நல்ல கேள்வி. தொண்ணூறுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பதில் எனக்கும் கிடைக்கவில்லை.

அடையாறில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து நிறுவனம் நடந்தது. சமையலறையில் நூலகம், குளியலறையில் ஜெராக்ஸ் மெஷின். ஏழைகள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று ஆராய்வது எங்கள் பிழைப்பு. கள ஆய்வாளர்கள் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு குப்பங்களுக்கும் பிளாட்பாரங்களுக்கும் போய்ப் பேட்டி எடுத்து வருவார்கள். அதைக் கேட்டு ஆங்கிலத்தில் டைப் செய்வது என் வேலை. பணம் கொடுக்கிறவர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். தமிழ் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. டைப் முடிந்ததும் கேசட்டின் மேல் புது லேபிளை ஒட்டி அடுத்த பேட்டிக்கு அனுப்பிவிடுவோம். புதுக் கேசட் கேட்டால் எங்கள் இயக்குநரின் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிடும். மயிலாப்பூர்க்காரர், கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் மனதாரத் திட்டிவிட்டாவது போயிருப்பேன்.

ஒரு நாள் காலையில் வாசலில் சத்தம். நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கையில் கூடைகூட இல்லை. அப்படியும் வாட்ச்மேன் "இங்க யாரும் மீன் வாங்கமாட்டாங்க, போ போ" என்று விரட்டிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. உள்ளே அழைத்து வந்து நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"போன வருசம் எங்கூட்டுக்காரர்கிட்ட பேட்டி எட்த்தாங்கக்கா, மீனப் பத்தி. பேசினத அப்பவே போட்டுக் காட்னாங்கோ. தன் கொரலத் தானே கேட்டுக்கினு அப்டி சிரிச்சாரு. இப்ப அவுரு இல்லக்கா. மஞ்சக்காமால. அந்தக் கொரல ஒருவாட்டி கேக்கணும்."

அவளே தொடர்ந்தாள். "போட்டோ கீது. மூஞ்சி மறக்கல. கொரலுதான் போய்க்கினே கீது. நெனச்சுப் பாத்தா எங்கண்ணன் கொரல்ல பேசறாருக்கா."

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன்.

"அதெப்படிம்மா? பேட்டி குடுத்தவாளத் தவிர வெளியாள் யாருக்கும் போட்டுக் காட்டமாட்டோம்னு வாக்குக் குடுத்திருக்கோமோன்னோ?"

"வெளியாள் இல்ல சார். அவர் மனைவி."

"இருக்கட்டுமே. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி?"

"அவர் செத்துட்டார் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதான் கஷ்டமா இருக்கு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் பேசியதைக் கடல் தாண்டி இருக்கிறவர்கள் காப்பி குடித்துக்கொண்டே படிக்கலாம். பெண்டாட்டி கேட்கக் கூடாது. இதற்குப் பெயர் வாக்குத் தவறாமை.

கேசட்டுக்குத்தானே தடை என்று டைப் செய்த தாள்களை எடுத்துவந்து, ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் அவளுக்கு வாசித்தேன். "மீன்வரத்து குறைந்துவிட்டது. இதற்கு விசைப்படகுகளே முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்."

"இது ஆருக்கா?"

"உங்க வீட்டுக்காரர் சொன்னதுதாம்மா."

"இன்னாக்கா நீ. அவுரு இப்டிலாம் பேசவேமாட்டாரு. நாலு வார்த்த பேசினா அதுல ஒண்ணு கெட்ட வார்த்தையா இருக்கும்."

கெட்ட வார்த்தைகளை எடுத்தது நான்தான். அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார்கள். ஒரு மனிதரைக் குளிப்பாட்டி, தலை சீவி, கோட்டு மாட்டிச் சீமைக்கு அனுப்பிவைத்திருக்கிறோம், இப்போது வீட்டுக்காரிக்கே அடையாளம் தெரியவில்லை. தாள்களை மடித்து வைத்தேன். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மத்தியானம் இயக்குநர் தன் அறையிலேயே தயிர்சாதம் சாப்பிடுவது வழக்கம். அன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறக்காமலே எழுந்து வந்தார். எங்கள் இருவரையும் பார்க்காமல், "பேங்க் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு பேங்க் லீவு. அது அவருக்கும் தெரியும்.

கேசட் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். லேபிள் மேல் லேபிளாக ஒட்டியிருந்ததை நகத்தால் கீறிக் கீறிப் பார்த்ததில் அவருடைய பேட்டி எண் ஒரு கேசட்டில் அகப்பட்டது. மேல் லேபிளில் தி. நகர் பிளாட்பாரக் கடைக்காரர் ஒருவரின் எண் இருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

"இதுக்கு மேல வேற ஒருத்தர் பேச்சை எடுத்துட்டாங்கம்மா" என்றேன்.

"மேலதானக்கா? அடியில அவுரு இருப்பாரில்ல?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கடைக்காரர் குறைவாகப் பேசியிருந்தால் கடைசிப் பகுதி மட்டும் அழியாமல் தப்பியிருக்கும், அவ்வளவுதான் என்று விளக்கினேன். அவள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கடைக்காரர் நிறுத்தவே இல்லை. பெல்ட் வியாபாரம், போலீஸ், கார்ப்பரேஷன் லாரி, மழை, தங்கை கல்யாணம். அவரிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை போலிருக்கிறது. போதுமய்யா, வாயை மூடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவளோ ஒரு சொல் விடாமல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவழியாக அவர் நன்றி சொன்னார். 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் இரைச்சல். அப்புறம்:

"யோவ், தண்ணி லாரி வந்து நிக்குதுய்யா! கொடத்த எட்த்துக்கினு வராம இங்க குந்திக்கினு இன்னா கத பேசிக்கினு கீற?"

அவளுடைய குரல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கத்தலுக்குக் கீழே ஓர் ஆண் குரல், அவசரமே இல்லாமல், எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவள் விடுவதாக இல்லை. லாரியைத் திட்டினாள், வரிசையில் இடித்தவளைத் திட்டினாள், அவரைத் திட்டினாள். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். டேப் தீர்ந்து பொத்தான் மேலே எழும்பியது. தாளில் இந்த இடத்தை நான் 'குறுக்கீடு' என்ற ஒரே வார்த்தையில் முடித்திருந்தேன்.

"இன்னொருவாட்டி போடுக்கா."

போட்டேன். சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். கூட்டினால் அவள் குரலும் சேர்ந்து கூடியது. அவள் அழவில்லை. டேப்பை மறுபடி பின்னால் ஓட்டினேன். மூன்றாவது தடவை ஓடும்போது ரிக்கார்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகம் அதில் படுகிற அளவுக்குக் குனிந்து, உள்ளே கத்துகிறவளிடம் சொன்னாள்:

"வாய மூட்றி. அவுரு பேசிக்கினு கீறாரு, காதுல வுழல?"