ஸ்டியரிங் ஆடினாலும் நாளைக்குப் பயணம்தான்

இன்று காலை கல்லடிப் பாலத்தில் எங்கள் பிக்கப் கைப்பிடிக் கம்பியை நோக்கித் தானாகவே இழுத்தது. சுனாமித் தண்ணீரில் கிடந்து எழும்பிய பழைய வண்டி.

நாளை இதில்தான் அம்மாவை ஏற்றிக்கொண்டு, போரில் இடம்பெயர்ந்து இருந்த முகாமை விட்டு, வாவிக்கு அப்பால் படுவான்கரைக்கு, எங்கள் வீட்டு வளவுக்குத் திரும்புகிறோம்.

நேரே ஏறாவூருக்கு விட்டேன். அங்கே வண்டி திருத்தும் கராஜ் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்தார்.

"ஸ்டியரிங் பெட்டி போயிட்டு போல தங்கச்சி. கழட்டினா ஒரு கிழமையாகும்."

"கழட்டாதீங்க நானா. நான் ஆட்டுறன், நீங்க கீழ படுத்துப் பாருங்க."

கை கடுக்கும்வரை ஆட்டினேன்.

"ஓம், கண்டுட்டன்!" என்று கீழிருந்து கத்தினார். "பெட்டி நல்லம். சில்லைத் திருப்புற கம்பிட மூட்டுத்தான் தேஞ்சிருக்கு."

புது மூட்டுப் போட்டார். முகாமுக்குத் திரும்பும்போது வண்டி பாலத்தில் நேராக வந்தது.

அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கையில்லை. முருகன் படத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் ஏறுவாராம்.

நாளை வழியில் எங்களைக் கண்டால் கை காட்டுங்கள். ஒதுங்கி ஓடத் தேவையில்லை.